இடம் போதாமல் எடுத்த நான்கு வரிகள்

இப்போதெல்லாம் எந்த ஆய்வுச் செய்தியையும் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். இயற்கை மருத்துவம் பற்றிய செய்தி என்றால் இன்னும் கவனமாக. எத்தனை பேரிடம் செய்து பார்த்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், அவர்கள் வேறு மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். தலைப்பில் இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கிழவனின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். கிறுக்கு இல்லை. அந்தக் கடைசிப் பத்தியை வெட்டி எறிவதைச் சில ஆண்டுகள் மாதந்தோறும் செய்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. வேதியியலில் முதுகலைப் பட்டம். தொட்டிக் கரைசலில் எது குறைகிறது, எது கூடுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. வந்து இறங்கும் அமிலக் குடுவையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நான் ஒருநாளும் நம்பியதில்லை. சோதித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அப்போது எனக்கு வயிற்றுப்புண். மருந்து சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். உடன் வேலை செய்த ஒருவர் என்னை ஞாயிற்றுக்கிழமை முகாம் ஒன்றுக்கு அழைத்துப்போனார். இயற்கை வாழ்வுச் சங்கம் ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் ஓலைக்கொட்டகையில் நடத்திவந்த முகாம் அது. செம்பரம்பாக்கம் பக்கம் ஆழமாக வெட்டி எடுத்த களிமண்ணைச் சலித்து, முந்தின நாளே ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி வயிற்றின் மேல் வைப்பார்கள். மண்பட்டி என்று பெயர். தகரத் தொட்டியில் இடுப்பு மட்டும் நனையும்படி உட்காரவைப்பார்கள். பிறகு வெண்பூசணிச் சாறு, ஊறிய அவல், தேங்காய்த் துருவல். வெளியே வந்ததும் நேரே ஓட்டலுக்குப் போய் மசால் தோசை சாப்பிட்டவர்களும் உண்டு. நான் போகவில்லை. சில மாதங்களில் என் வயிறு அடங்கியது.

மண்ணால் அடங்கியதா, பூசணியால் அடங்கியதா, ஓயாமல் குடித்துக்கொண்டிருந்த காப்பியை விட்டதால் அடங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொல்ல அன்று வாய் வரவில்லை.

சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. பொய் சொல்லாத மனிதர். அதனாலேயே, தான் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பியவர். சங்கத்துக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு மாத இதழ் இருந்தது. அதில் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க சயின்ஸ் படிச்சவர். நம்மளப் பைத்தியக்காரங்கன்றான். வெளிநாட்ல, டெல்லியில, ஐதராபாத்துல என்னென்ன ஆராய்ச்சி நடக்குதுன்னு எழுதுங்க. அப்பவாவது வாயை மூடுறானா பார்ப்போம்."

அப்படித்தான் நான் 'ஆய்வுப் பக்கம்' எழுத ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில் நகரத்து நூலகம் ஒன்றுக்குப் போய் மருத்துவ இதழ்களைப் புரட்டுவேன். பூண்டு, நார்ச்சத்து, உண்ணாநோன்பு, மூச்சுப்பயிற்சி என்று எது கிடைத்தாலும் குறிப்பெடுத்துவந்து தமிழில் எழுதுவேன். நேர்மையாகவே எழுதினேன். மூலத்தில் எச்சரிக்கை இருந்தால் அதையும் எழுதினேன். என் கையெழுத்துப் பிரதிகளில் குறை சொல்ல முடியாது.

இதழ் பூந்தமல்லியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சானது. மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வந்து போகும் ஒருவர்தான் அங்கே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி வரிகளைக் கோத்தார். என்னைவிடச் சில வயது இளையவர். அவருடைய அப்பா காலம்வரை நெல் விதைத்த குடும்பம். நிலம் மனைகளாகப் போன பிறகு அவர் இந்த வேலைக்கு வந்தார். நல்ல உயரம், பெரிய வயிறு, ஓயாத வாய்.

"வா சார். இந்த மாசம் இன்னா, வாழத்தண்டா, பூசணிக்காயா?" என்பார். "உன் பொஸ்தகத்த கோத்துக் கோத்து என் வவுறே காய்கறி மார்க்கெட் மாதிரி ஆயிடுச்சி."

என் பக்கத்துக்கு அளவு உண்டு. நான் எப்போதும் அளவுக்கு மேல் எழுதிவிடுவேன். கோத்து முடித்துத் தட்டில் வைத்துப் பார்க்கும்போது சில வரிகள் வழியும். அப்போது அவர் கேட்பார், "சார், மூணு வரி மிச்சம் கீது. இன்னா பண்றது?"

நடுவில் வெட்டினால் பத்தியையே பிரித்து மறுபடி கோக்க வேண்டும். அவருக்கு அரை நாள் வேலை. கடைசியில் எடுத்தால் ஒரு நிமிடம். "கடைசியில எடுத்துடுங்க" என்பேன். ஆய்வுக் கட்டுரைகளில் எச்சரிக்கைகள் கடைசியில்தான் வரும். மூலத்தை அப்படியே பின்பற்றி எழுதியதால் என் கட்டுரையிலும் கடைசியில்தான் வந்தன. ஆகவே ஒவ்வொரு மாதமும், யாரும் திட்டமிடாமலே, எச்சரிக்கை மட்டும் போய்விடும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் பெரிதாகத் தோன்றவில்லை. எடுத்த பிறகு கட்டுரை இன்னும் திடமாக முடிவது போலவும் இருந்தது.

வெந்தயத்தைப் பற்றி எழுதிய மாதமும் அப்படித்தான். வெந்தயப் பொடி சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று நம் நாட்டிலேயே ஆய்வுச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம். முகாமில் எல்லோரும் ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்து எழுதினேன். நான்கு வரி வழிந்தது. வெந்தயம் உதவியது உண்மை, ஆனால் மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவற்றை விடாமலே இதையும் சாப்பிட்டார்கள், மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது என்பது அந்த நான்கு வரி.

"எடுத்துடவா சார்?"

"எடுத்துடுங்க."

"நல்ல மேட்டரா கீதே. கலைக்காம கட்டி வெக்கிறேன். அடுத்த மாசம் வேணும்னா போட்டுக்கலாம்."

நூலால் நான்கு வரிகளையும் சுற்றிக் கட்டி அலமாரி ஓரத்தில் வைத்தார். அடுத்த மாதம் நான் வேறொன்றைப் பற்றி எழுதினேன்.

அவருக்கே சர்க்கரை நோய் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது மேசைமேல் டிபன் டப்பாவின் மூடி நிறைய ஊறிய வெந்தயம்.

"இன்னா சார் பாக்குற? உன் வைத்தியந்தான். மாத்திரைய தூக்கிக் கடாசிட்டேன். மூணு வருசமா அத முழுங்கி வாயெல்லாம் கசந்துகினு கெடந்திச்சி. இதுவும் கசக்குதான், ஆனா இது நம்ம ஊட்டுக் கசப்பு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எந்த வாசகருக்கும் தெரியும். கட்டி வைத்த நான்கு வரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் சிரித்தேன். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஷோக்கா கீது. உடம்பே லேசாயிட்ச்சி. ஊட்ல கூட இளைச்சிட்டேன்னு சொல்லிக்கினு கீது."

சர்க்கரை ஏறினாலும் உடம்பு இளைக்கும். இது எனக்குத் தெரியும். நான் அந்த இளைப்பை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விடவில்லை. அடுத்த இதழில் 'ஓர் அன்பரின் அனுபவம்' என்று பெயர் போடாமல் அவரைப் பற்றி எழுதினேன். அதையும் அவரேதான் கோத்தார். "அன்பரா? நம்மள எவனும் இப்டி கூப்ட்டதில்ல சார்" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் பெனடிக்ட் கரைசல் என்று ஒன்று இருந்தது. சிறுநீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். அதிகம் இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். அதைத் தயாரிக்கத் தேவையான எல்லாம் என் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருந்தன. யாரோ ஒரு வியாபாரி அனுப்பும் அமிலத்தைச் சோதிக்காமல் ஏற்காதவன், இவருக்காக ஒருமுறைகூட அந்த அலமாரியைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நிறம் வரும் என்ற பயம் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பயம் இருந்ததாக அன்று நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு கோடையில் அவர் நொண்டி நடந்தார். வரிகளுக்கு நடுவே செருகும் ஈயத் தகட்டின் துண்டு ஒன்று செருப்புக்குள் விழுந்து உள்ளங்காலைக் கிழித்திருக்கிறது. நாளெல்லாம் நின்றும் அவருக்கு அது தெரியவில்லை. வீட்டில் செருப்பைக் கழற்றியபோது மனைவி ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"வலியே இல்ல சார்" என்று அதையும் ஒரு நல்ல செய்தியாகவே சொன்னார். "வலியில்லன்னா ஒண்ணும் இல்லதானே?"

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு மனைவியோடு வந்தார். காலைக் கழுவி மண்பட்டி போட்டார்கள். அடுத்த வாரமும் போட்டார்கள். மூன்றாவது முறை வந்தபோது புண் வாய் அகன்று, சீழ் வைத்து, நாறியது. தலைவர் குனிந்து பார்த்தார். உள்ளே தேங்கிய கழிவை உடம்பு வெளியே தள்ளுகிறது, இந்த நேரத்தில் மருந்து போட்டு அடைத்தால் கழிவு உள்ளேயே தங்கிவிடும் என்றார். சங்கத்தில் எல்லோரும் எப்போதும் சொல்வது அது. காய்ச்சல் வந்தால் கழிவு, சொறி வந்தால் கழிவு, வயிற்றோட்டம் வந்தால் கழிவு. நோய் தணிந்தாலும் வெற்றி, முற்றினாலும் வெற்றி. தோற்கவே முடியாத ஒரு கணக்கு. முதுகலை படித்த எனக்கு அதன் ஓட்டை தெரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அவருடைய மனைவி தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. டாக்டராண்ட இட்டுகினு போவட்டா? எனுக்கு இன்னாவோ பேஜாரா கீது. ராவெல்லாம் உடம்பு கொதிக்குது இவுருக்கு."

"அட இருமே நீ" என்றார் அவர். "சார் இன்னா படிக்காதவரா?"

கொட்டகையில் கொஞ்சம் பேர் சுற்றி நின்றார்கள். தலைவர் பக்கத்திலேயே இருந்தார். "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்மா" என்றேன்.

அந்தம்மா மண் சிந்திய புடவை நுனியை உதறி, சைக்கிளின் பின்னிருக்கையில் அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் அவர்கள் காத்திருக்கவில்லை, நல்ல வேளை. நடுவிலேயே அவர் நினைவு தவறிப்போக, அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றி நகரத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அச்சக முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது அறுவை முடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை.

அவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகு, ஓர் இளம் மருத்துவர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். களைத்த முகம். கட்டிலடியில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர்தானே நீங்க? யார் நிறுத்தச் சொன்னது?"

நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தேன். படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் நிறுத்துனேன் சார்."

"படிச்சவங்க யாரையாவது கேட்டிருக்கலாம் இல்ல?"

மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தம்மா கையிலிருந்த ஆர்லிக்ஸ் டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறியிருக்கும்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு மேனாம்பேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கால் எடுத்த இடத்தில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். கொஞ்ச நேரம் அச்சகத்துக் கதை பேசினோம். பிறகு நான் கேட்டேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்கு அந்த நான்கு வரி தெரியும். ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்கியவர் அவர்.

"அதைப் படிச்சிருப்பீங்களே. மருந்தை நிறுத்தக்கூடாதுன்னு இருந்துதே. ஏன் நிறுத்தினீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கோபம் இல்லை.

"படிச்சேன் சார். அதான் கட்டியே வெச்சேன். ஆனா நீதானே எடுக்க சொன்ன? முக்கியமா இருந்தா நீ எடுக்கச் சொல்லுவியா? மேல போட்டதுதான் மெய்யி, அடியில கீறது சும்மா சேப்டிக்கு எழுதறதுன்னு நெனச்சிக்கினேன். பஸ்ல கரம் சிரம் புறம் நீட்டாதேன்னு எழுதறான் இல்ல, அத மாரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

"அந்த நாலு வரி இன்னும் அங்கதான் சார் கீது. நூலுகூட அவுக்கல. இந்த மாசம் போட்டுடு. என்ன மாரி எவனாவது படிச்சிகினு இருப்பான்."

போட்டுவிடுகிறேன் என்றேன். சொன்னபோது உண்மையாகவே சொன்னேன்.

தலைவரிடம் போனேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "போடலாம், ஆனா இப்ப வேண்டாம்" என்றார். "இப்பத்தான் நாலு பேரு நம்மள மதிக்கிறான். ஒருத்தர் அவசரப்பட்டதுக்காக நூறு பேரு பயந்து ஓடிடுவான். கொஞ்ச நாள் போகட்டும்." அதை எதிர்த்து நான் வாதாடவில்லை. அவர் மறுத்தது எனக்கு வசதியாக இருந்தது. போட்டால் ஏன் போடுகிறோம் என்று எழுத வேண்டும். எழுதினால் அதன் கீழே என் பெயர் இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் போகட்டும் என்று நினைத்தேன். அந்த மாதமும் போயிற்று.

அவர் மீண்டும் வேலைக்கு வந்தார். கட்டைக் கால் பொருந்தவில்லை. அச்சகத்தில் உயரமான முக்காலி ஒன்று செய்து கொடுத்தார்கள். மாத்திரையும் ஊசியுமாகச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. காலையில் வெந்தயமும் சாப்பிட்டார், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. "அதும்மேல எனுக்கு இன்னா காண்டு? அது இன்னா பண்ணும் பாவம்?" என்றார். என் கட்டுரைகளை முன்போலவே கோத்தார். முதல் சில மாதங்கள், பக்கம் முடியும்போது அலமாரி ஓரத்தைக் கண்ணால் காட்டுவார். நான் இந்த மாதம் இடம் இல்லை என்பேன். அவர் தலையாட்டுவார். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் நான் கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன். பச்சைக் காய்கறிகளைப் பற்றியது என்று நினைவு. மெய்ப்பு பார்க்கப் போனபோது அலமாரி ஓரம் காலியாக இருந்தது.

"அதைக் கலைச்சிட்டேன் சார்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "எழுத்து பத்தல."

"எதுக்கு?"

"உன் கட்டுரைக்குத்தான்."

குத்திக்காட்டும் குரல் இல்லை. எழுத்து போதவில்லை, அவ்வளவுதான். அந்த வரிகளிலிருந்த ஈய எழுத்துகள் நான் திருத்திக்கொண்டிருந்த தாளில் எங்கெங்கோ கலந்து அச்சாகியிருந்தன. நான் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதம் ஒரு வரியும் வழியவில்லை. அவர் அளவாகக் கோத்திருந்தார்.

தொண்ணூறுகளில் தலைவர் காலமானார். முகாமும் இதழும் நின்றன. பள்ளிக்கூடத்துக் கொட்டகை இருந்த இடத்தில் மாடி எழுந்தது. பூந்தமல்லி அச்சகத்துக்குக் கணினி வந்தது. எழுத்துக் கோத்தவர் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தார். கடைசியாக நான் பார்த்தபோது அவருக்கு என்னை அடையாளம் காண நேரம் பிடித்தது. கண்டதும், "வாழத்தண்டு வந்துட்டாரு பாருமே" என்று மனைவியிடம் சொன்னார். இறந்த பிறகு காரியத்துக்குப் போனேன். அந்தம்மா காப்பி கொடுத்தார். குடித்தேன். அன்றாவது தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம்.

எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்றும் காரம் குறைத்து, பழமும் காயும் அதிகமாகச் சாப்பிட்டு, வெயிலில் நடந்துதான் உடம்பை வைத்திருக்கிறேன். இயற்கை மருத்துவத்தை நான் கைவிடவில்லை. அது என்னைக் கெடுக்கவும் இல்லை. நல்ல ஆய்வுகள் இப்போது முன்னைவிட அதிகம் நடக்கின்றன. படிக்கிறேன், கடைசியிலிருந்து. படிக்கும்போது அவர் என் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, சார் மிச்சம் கீது இன்னா பண்றது என்று கேட்கிறார். இத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் எனக்கு அலுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மிகவும் அலுத்துவிட்டது.

அந்த நான்கு வரிகளைக் கடைசியாக எழுதி வைக்கிறேன். சொற்கள் அப்படியே நினைவில் இல்லை, பொருள் இதுதான். இதை அச்சிடுகிறவர்களுக்கு இடம் போதாவிட்டால் மேலே எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். என் வயிற்றுப்புண்ணைப் பற்றியதை எடுத்துவிடலாம்.

வெந்தயத்தால் பயன் கண்டவர்களில், முன்பே மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவற்றை விடாமல்தான் இதையும் சாப்பிட்டார்கள். ஆய்வு சிறியது; இன்னும் பலரிடம் செய்து பார்க்க வேண்டும். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் யாரும், மருத்துவரைக் கேட்காமல், தங்கள் மருந்தை நிறுத்தக்கூடாது.